விட்டிலுக்கும் விலாசம் உண்டு

சென்ற ஐப்பசியில் அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஓர் இரவு. எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் குழல் விளக்கை நோக்கி ஏதோ ஒன்று பறந்து வந்து சுவரில் மோதியது. வௌவால் என்று எண்ணிச் சிலர் தட்டோடு எழுந்து ஓடினர். ஒருவர் துடைப்பத்தை எடுத்து ஓங்கி அடித்தார். கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது, அது வௌவால் அன்று, ஒரு விட்டில் பூச்சி என்று. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்து வைத்தாற்போன்ற அகலம். செங்காவி நிறச் சிறகுகள். ஒவ்வொரு சிறகிலும் கண்ணாடி பதித்தது போல் முக்கோணச் சன்னல். முன்சிறகின் நுனியோ பாம்பின் தலையை ஒத்திருந்தது.

சுற்றி நின்றவர்களில் ஆறு பேர் விலங்கியல் மாணவர்கள். நானும் அவர்களில் ஒருவன். வரலாற்றுத் துறை நண்பன் கேட்டான்: “நீங்கதானேடா பூச்சி படிக்கிறவங்க? இது என்னன்னு சொல்லுங்க.” லெபிடாப்டிரா வரிசையின் பொதுப் பண்புகளை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதச் சொல்லியிருந்தால் மூச்சு விடாமல் எழுதியிருப்பேன். இது என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

விடுதிக் காவலர்தான் குனிந்து பார்த்தார். அவர் மலையடிவாரத்துக் கிராமத்துக்காரர். “தம்பி, இது எங்க ஊர் கொய்யா மரத்துல வர்ற பூச்சி. புழுவா இருக்கறப்ப மாவு பூசின மாதிரி வெளுப்பா, விரல் தண்டிக்கு இருக்கும். ராவும் பகலும் இலையைத் தின்னும். பூச்சியா மாறின பெறகு ஒண்ணுமே தின்னாது. நாலு நாள் இருந்துட்டுப் போற உசிரு. இதைப் போயி அடிச்சிட்டீங்களே” என்றார். “தெரியாம நடந்துபோச்சு அண்ணே” என்றோம். ‘தெரியாமல்’ என்ற அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

வகைப்பாட்டியல் என்றாலே நம்மிடையே ஒரு சலிப்பு உண்டு. வாயில் நுழையாத பெயர்களை உருப்போடும் பகுதி அது என்பது மாணவர் எண்ணம். விரைவாக நடத்தி முடிக்க வேண்டிய பகுதி அது என்று ஆசிரியர் சிலரும் எண்ணுவதாகத் தோன்றுகிறது. பிழையெனில் பெரியோர் பொறுத்தருள்க. என் கருத்து வேறு. வகைப்பாடு என்பது ஓர் உயிரின் விலாசம். மாவட்டம், ஊர், தெரு, வீட்டு எண் என்று எழுதினால்தான் கடிதம் உரியவரைச் சேர்கிறது. அதுபோல வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று அறிந்தால்தான் ஓர் உயிரைப் பற்றி உலகம் இதுவரை கண்டறிந்தவை அனைத்தும் நம் கைக்கு வந்து சேரும். விலாசம் தெரியாதவனுக்கு அது வெறும் பூச்சி. வெறும் பூச்சிக்குத் துடைப்பமே போதும் என்றுதான் கை நீளும்.

அன்று நாங்கள் அடித்த விட்டிலின் குடும்பத்தையே சான்றாக வைத்து இதனைப் பார்ப்போம்.

வாயில்லாச் சீமான்கள்

1758-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு தம் நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, செதில் சிறகுப் பூச்சிகள் அனைத்தையும் மூன்றே பேரினங்களில் அடக்கினார். பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் ஒன்று. பருந்து விட்டில்கள் ஒன்று. எஞ்சிய விட்டில்கள் எல்லாம் ஒன்று. நாம் அடித்த அட்லசு விட்டிலின் இனமும், காஞ்சிபுரத்துப் பட்டுக்கு நூல் தரும் பட்டுப்பூச்சியும் அந்த மூன்றாம் பெட்டியில்தான் கிடந்தன. இன்று இவ்வரிசையில் பெயரிடப்பட்டவை ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் வண்ணத்துப்பூச்சிகள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. அவையும் விட்டில்களுக்கு எதிரான தனி இனம் அல்ல. விட்டில் என்னும் பெருமரத்தில் பகலில் பறக்கக் கற்றுக்கொண்ட ஒரு கிளையே. கிளையைப் பாடிப் புகழ்கிறோம், மரத்தைத் துடைப்பத்தால் அடிக்கிறோம்!

அட்லசு விட்டிலின் குடும்பத்துக்குச் சாட்டர்னிடே என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் புவாதுவால் 1837-இல் இக்குடும்பத்தை வகுத்தார். அண்மைக் கணக்குப்படி இதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. குளிர்நாடுகளிலும் சில உண்டு என்றாலும் இவற்றின் தாயகம் வெப்பமண்டலக் காடுகளே. அதிலும் தென் அமெரிக்க, நடு அமெரிக்கக் காடுகளில் இவை மிகுதி.

இக்குடும்பத்தின் பண்புகளைப் பாருங்கள். உடல் தடித்து, மயிரடர்ந்து இருக்கும். சிறகுகள் அகன்றவை. பல இனங்களின் சிறகில் கண் போன்ற புள்ளியோ, செதிலற்ற கண்ணாடிச் சன்னலோ காணப்படும். பிற விட்டில்கள் பலவற்றில் முன்சிறகையும் பின்சிறகையும் பிணைக்கும் கொக்கி போன்ற மயிர் ஒன்று உண்டு. இவற்றுக்கு அது இல்லை. வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாயும் இல்லை. வாயுறுப்புகள் சுருங்கிப் பயனற்றுப் போய்விட்டன. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஒரு வாரமோ பத்து நாளோ வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு முடிந்துவிடுகின்றன. ‘பூச்சியா மாறின பெறகு ஒண்ணுமே தின்னாது’ என்று காவலர் சொன்னாரே, அது இக்குடும்பத்தின் இலக்கணம். நாங்கள் நூலில் வரிவரியாகப் படித்துக் கண்ணால் காணாததை அவர் கண்ணால் கண்டு வைத்திருந்தார்.

வாழ்நாள் இவ்வளவு குறுகியதாக இருந்தால் துணையை விரைந்து தேட வேண்டாமா? அதற்குத்தான் ஆண் விட்டிலுக்கு இறகு போல் விரிந்த உணர்கொம்புகள். பெண் விட்டில் ஓரிடத்தில் அமர்ந்து காற்றில் மணப்பொருளைக் கலக்கும். நமக்கு அம்மணம் தெரியாது. ஆணோ வெகு தொலைவிலிருந்து அதை உணர்ந்து இருளைக் கிழித்துக்கொண்டு வரும். பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர் ஃபாபரின் வீட்டில், கூட்டிலிருந்து அன்று வெளிவந்த ஒரு பெண் விட்டிலைத் தேடி ஒரே இரவில் ஏறத்தாழ நாற்பது ஆண்கள் வந்தனவாம். அப்பெண்ணை வலைக் கூண்டில் வைத்தால் ஆண்கள் வந்தன. காற்றுப் புகாத மூடியால் மூடினால் வரவில்லை. இவ்வளவு எளிய சோதனையால் அவர் வழி காட்டினார். 1959-இல் செருமானிய வேதியியல் அறிஞர் புட்டநாண்ட், இக்குடும்பத்தின் உறவான பட்டுப்பூச்சியிலிருந்து இத்தகைய மணப்பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அதற்கு அவருக்கு ஐந்து இலட்சம் பெண் பூச்சிகள் தேவைப்பட்டன!

தோற்றம் வேறு, உறவு வேறு

வகைப்பாடு வெறும் பட்டியல் என்போர்க்கு ஒரு வினா. ஒத்த தோற்றம் உடையவை எல்லாம் உறவினரா?

இக்குடும்பத்தில் நிலா விட்டில் என்று ஒன்று உண்டு. வெளிர் பச்சை நிறம்; பின்சிறகின் அடியில் நீண்டு முறுக்கிய இரு வால்கள். நம் மேற்கு மலைத் தொடரிலும் இதைக் காணலாம். அந்த வால் எதற்கு? இக்குடும்பத்துக்குக் காது கிடையாது. வௌவால் எழுப்பும் ஒலியைக் கேட்டு விலகிப் பறக்க இயலாது. 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்நாட்டு நிலா விட்டிலை வௌவாலின் முன் பறக்கவிட்டுப் பார்த்தனர். வௌவாலின் தாக்குதலில் பாதிக்கு மேல் வாலை நோக்கியே அமைந்தன. வால் உள்ளவை, வால் நீக்கப்பட்டவற்றைவிட 47 விழுக்காடு மிகுதியாகப் பிழைத்தன. சுழலும் வால் வௌவாலின் ஒலியைத் திசை திருப்புகிறது. வால் போகிறது, தலை தப்புகிறது.

சரி, வாலுள்ளவை எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்றால், இல்லை. இக்குடும்பத்திற்குள்ளேயே நீண்ட வால் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே பலமுறை தோன்றியுள்ளது என்பது மரபணு ஆய்வின் முடிவு. ஒரே பகைவன், அதனால் ஒரே தற்காப்பு. அவ்வளவே.

மறுபுறம் பாருங்கள். பருந்து விட்டில்களுக்கு நீண்ட உறிஞ்சு குழல் உண்டு. மடகாசுகரைச் சேர்ந்த, ஓர் அடி நீளத் தேன்குழல் கொண்ட மலரைக் கண்ட டார்வின், அதற்கேற்ற நாக்குடைய விட்டில் இருந்தே தீர வேண்டும் என்று 1862-இல் எழுதினார். 1903-இல் அது பெயரிட்டு விளக்கப்பட்டது. வாயே இல்லாத சாட்டர்னிடேவுக்கும் ஓரடி நாக்குள்ள இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கலாம். பழைய நூல்கள் இவற்றைத் தனிப் பெருங்குடும்பமாகவே வைத்தன. இன்றோ, இரண்டும் நெருங்கிய உறவினர் என்றும், பட்டுப்பூச்சியோடு ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்றும் மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. உருப்போட்டவனுக்கு இது ‘பாடத்திட்டம் மாறிவிட்டது’ என்ற எரிச்சல். சிந்திப்பவனுக்கு, புறத்தோற்றத்தைக் கொண்டு உறவைத் தீர்மானிக்காதே என்னும் பாடம்.

பட்டும் பசியும் நஞ்சும்

‘இதெல்லாம் தெரிந்து என்ன பயன்?’ என்று கேட்பது நம் நாட்டில் வழக்கம். கேட்கட்டும். பயனையும் சொல்லிவிடலாம்.

பட்டு என்றதும் நாம் நினைப்பது முசுக்கொட்டை இலை தின்னும் பட்டுப்பூச்சியை. அது பாம்பிசிடே குடும்பம். ஆனால் சார்க்கண்ட், சத்தீசுகர், ஒடிசா மாநிலங்களின் பழங்குடி மக்கள் மருத மரத்திலும் சால மரத்திலும் வளர்த்தெடுக்கும் டசர் பட்டும், அசாமின் பொன்னிற மூகாப் பட்டும், ஆமணக்கு இலையில் வளரும் எரிப் பட்டும் நாம் துடைப்பத்தால் அடித்த விட்டிலின் குடும்பத்துச் சொத்து. எரிப் புழு மரவள்ளி இலையையும் உண்ணும். சேலம், நாமக்கல் பக்கத்து உழவர்க்கு இச்செய்தியின் பொருள் விளங்கும். எரிப் பட்டுக்கூட்டின் ஒருமுனை திறந்திருப்பதால் பூச்சி வெளியேறிய பின்னும் கூட்டிலிருந்து நூல் நூற்கலாம். உயிரைக் கொதிநீரில் இடவேண்டிய கட்டாயம் இல்லை. ‘பட்டுப்பூச்சி’ என்ற ஒரே சொல்லால் இவை அனைத்தையும் குறிப்பவனுக்கு இந்த வேறுபாடுகள் எப்படித் தெரியும்?

தென் ஆப்பிரிக்கப் பகுதியில் மொபானே மரத்து இலையைத் தின்று வளரும் புழு ஒன்று உண்டு. மக்கள் அதைச் சேகரித்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்தி உண்கின்றனர், சந்தையில் விற்கின்றனர். அதுவும் சாட்டர்னிடேதான். ஏழை வீட்டுக்குப் புரதம் தருவது இக்குடும்பத்தின் ஒரு கிளை.

அதே குடும்பத்தின் மற்றொரு கிளை ஆளைக் கொல்லும். பிரேசில் நாட்டின் தென் மாநிலங்களில் 1989 முதல் ஒரு விந்தையான நோய் பெருகியது. மரத்தைத் தொட்ட உழவர்களுக்கு இரத்தம் உறையாமல் உடலினுள் கசிந்தது; பலர் மாண்டனர். காரணம், மரப்பட்டையில் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கிடந்த லோனோமியா என்னும் பேரினத்தின் முட்புழுக்கள். சாவோ பவுலோ நகரின் புட்டாண்டன் நிறுவனம் அந்நஞ்சுக்கு முறிமருந்து செய்தது. இம்மருந்து இந்தப் புழுவுக்கு மட்டுமே உரியது. எந்தப் புழு என்று அடையாளம் காண்பது இங்கே தேர்வு வினா அன்று. நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் அதில் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் ஒன்று ஆடை தருகிறது, ஒன்று உணவு தருகிறது, ஒன்று உயிரெடுக்கிறது. குடும்பப் பெயர் மட்டும் போதாது, வீட்டு எண்ணும் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

நம் மலையின் பெயர்

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் மலைகளின் விட்டில்களைத் தேடித்தேடித் தொகுத்தவர் யார்? நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைக்க வந்த சார்சு ஆம்ப்சன் என்னும் ஆங்கிலேயர். பொழுதுபோக்காகத் தொடங்கிய அவர், நாடு திரும்பியதும் இலண்டன் அருங்காட்சியகத்தில் அமர்ந்து 1891-இல் நீலகிரி விட்டில்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1892 முதல் 1896 வரை இந்திய விட்டில்கள் பற்றி நான்கு தொகுதிகள் வெளியிட்டார். அவர் நீலகிரியில் பிடித்தவை இன்றும் இலண்டனில் இருக்கின்றன. நம் மலையில் பிறந்த விட்டிலை ஒப்பிட்டுப் பார்க்கக் கடல் கடந்து போகவேண்டிய நிலை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்த்தவர் எழுதினார். நாம் பார்க்கவில்லை.

அன்று விழுந்த விட்டிலின் செய்தி இன்னும் சுவையானது. அதன் படத்தை எடுத்துக்கொண்டு நான் நூலகத்தில் பல நாள் தேடினேன். அட்லசு என்றுதான் முதலில் முடிவு செய்தேன். பிறகுதான் தெரிந்தது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது தனிச் சிற்றினம் என்று வகைப்பாட்டினர் கொள்கின்றனர் என்பது. அதற்குத் ‘தாப்ரோபானிசு’ என்று பெயரிட்டவர் மூர் என்னும் ஆங்கிலேயர். இலங்கையைப் பண்டைக் கிரேக்கர் தாப்ரபேன் என்றனர். அச்சொல் தாமிரபரணி என்பதன் திரிபு என்பது அறிஞர் பலர் கருத்து. நம் பொருநையாற்றின் பெயரைச் சிறகில் சுமந்துகொண்டு வந்த விருந்தாளியைத்தான் நாங்கள் வாசலில் வைத்து அடித்தோம்!

தமிழில் இதற்குப் பெயர் உண்டா? பாடநூல் ‘அந்துப்பூச்சி’ என்கிறது. அந்து என்றால் நம் வீட்டார்க்கு நினைவில் வருவது நெல் மூட்டை. ‘விட்டில்’ என்றாலோ சில ஊரில் வெட்டுக்கிளி. ஒன்றரை இலட்சம் உயிர்க்கு இரண்டு சொல், அவையும் தெளிவில்லை. விட்டிலை நாம் உவமையாக மட்டுமே அறிவோம்: விளக்கில் விழுந்து மாளும் பேதைமைக்கு உவமை. அந்தப் பழியும் பொய் என்று 2024-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. பூச்சி விளக்கை விரும்பி வருவதில்லை. ஒளி இருக்கும் பக்கம் வானம் என்று கொண்டு, முதுகை அப்பக்கம் திருப்பியே பறப்பது அதன் இயல்பு. பக்கவாட்டில் நாம் ஒரு விளக்கை ஏற்றியதும் திசை தடுமாறி அதையே சுற்றுகிறது. விளக்கு நம்முடையது, தடுமாற்றம் அதனுடையது, பழியும் அதன் மேலேயே.

என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும்: ‘வேலைவாய்ப்புத் தேர்வுக்குப் படிப்பதா, பூச்சி பார்ப்பதா?’ நியாயமான கேள்விதான். நம்மில் பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள், வேலை வேண்டும். ஆனால் மூன்றாண்டு விலங்கியல் படித்தும் சுவரில் வந்து அமர்ந்த ஒன்றை இன்னதென்று சொல்லத் தெரியவில்லை என்றால், நாம் பெறும் பட்டம் எதற்குச் சான்று?

செலவும் அதிகமில்லை. ஒரு வெள்ளை வேட்டி, ஒரு விளக்கு, ஒரு குறிப்பேடு போதும். மாதம் ஓர் இரவு, நிலவில்லாத நாளாகப் பார்த்து, தாவரவியல் தோட்டத்தில் வேட்டியைக் கட்டி விளக்கேற்றினால் வருபவை வரும். படமெடுத்து, நாள், இடம், மழை, அருகிலுள்ள மரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டால் அவை தம் வழியே போகும். செய்முறைத் தேர்வுக்காக ஆளுக்கொரு பெட்டியில் பூச்சிகளைக் கொன்று குத்திவைத்து, தேர்வு முடிந்ததும் குப்பையில் கொட்டும் வழக்கத்துக்கு இது நல்ல மாற்று. அறிஞர்க்குச் சில வேளை உடல் மாதிரி தேவைப்படும், அதை மறுக்கவில்லை. மதிப்பெண்ணுக்குத் தேவையில்லை.

கோசுட்டா ரிக்கா என்னும் சிறு நாட்டில் டேனியல் சான்சென் என்ற அமெரிக்க அறிஞர் 1978 முதல் காட்டுப் புழுக்களை வளர்த்துக் கணக்கெடுத்து வருகிறார். அப்பணியில் அவருக்குத் துணை நிற்பவர்கள் அக்காட்டை ஒட்டிய ஊர்களின் ஆண்களும் பெண்களும், பல்கலைக்கழகம் காணாதவர்கள். பயிற்சி பெற்று, எந்தப் புழு எந்த இலை தின்கிறது, எந்த விட்டிலாகிறது என்று பதிந்து தருகின்றனர். எங்கள் விடுதிக் காவலரைப் போன்றவர்கள்தாம் அவர்கள். அவருடைய அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. எங்களுடைய ஏடு எந்த மரத்தையும் பார்க்கவில்லை. இரண்டையும் ஒன்றாய்ச் சேர்க்க வேண்டிய இடம் கல்லூரி. அவர் போன்றோரைத் துறைக்கு அழைத்து, ஊர்ப் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்தால், இல்லாதவற்றுக்கு நாமே பெயர் சூட்டினால், ஐந்தாண்டில் நம் கல்லூரி வளாகத்து விட்டில்களுக்குத் தமிழில் ஒரு கையேடு உருவாகிவிடும். ஆசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் வரும் ஆடியிலேயே தொடங்கலாம்.

அடிபட்ட அந்த விட்டில் ஒரு பெண். மறுநாள் காலை பார்த்தபோது, அது கிடந்த அட்டைப் பெட்டியில் செந்நிற முட்டைகள் இருந்தன. ஆணைச் சேர்ந்த பின்னரே விளக்குக்கு வந்திருக்க வேண்டும். காவலர் கொய்யா இலை பறித்து வந்து தந்தார். சில நாளில் எட்டுப் புழுக்கள் வெளிவந்தன. மூன்றுதான் பிழைத்துக் கூடு கட்டின. பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பிய வாரத்தில் ஒன்று வெளிவந்து, சன்னல் கம்பியில் ஒரு பகல் முழுதும் சிறகை உலர்த்தி, இருட்டியதும் மலைப்பக்கம் பறந்தது. அன்று விடுதியில் யாரும் துடைப்பத்தைத் தேடவில்லை. வரலாற்றுத் துறை நண்பன்தான் முதலில் ஓடிப்போய்க் கூடத்து விளக்கை அணைத்தான்.